கடைசி ஒரு அங்குலம் யாருடையது?

தலைப்பைப் பார்த்து வரப்புத் தகராறு, வேலித் தகராறு என்று நினைத்து உள்ளே வந்தவர்களுக்கு வணக்கம். ஏறக்குறைய அந்த மாதிரி விவகாரம்தான். என்ன, இதைப் பக்கவாட்டில் அளக்க முடியாது, மேலும் கீழுமாக அளக்க வேண்டும். தரையிலிருந்து எத்தனை அங்குலம் விட்டுப் புல்லை அறுப்பது? இதுதான் இன்றைய கேள்வி.

"சினிமா, கிரிக்கெட்னு எழுதிக்கிட்டிருந்தவன் திடீர்னு புல்லறுக்கக் கிளம்பிட்டானே" என்று வகுப்புத் தோழர்கள் சிரிப்பது காதில் விழுகிறது. சிரியுங்கள். ஆனால் இயந்திரம் படிக்கிறவர்கள் நாம். ஒரு திருகை நாலு சுற்று இந்தப் பக்கம் திருப்பினால் வயல் பத்து வருடம் நிற்கும், அந்தப் பக்கம் திருப்பினால் மூன்றே வருடத்தில் களைக்காடாகும் என்றால், அந்தத் திருகு நம் பாடத்தில் வருமா வராதா? வர வேண்டும் என்பது என் கட்சி. வரவில்லை என்பது என் கோபம்.

சொல்ல வந்ததை முதலிலேயே உடைத்துச் சொல்லிவிடுகிறேன். டிராக்டரில் மாட்டும் டிஸ்க் மோவர் எந்த உயரத்தில் அறுக்க வேண்டும் என்பதை ஓட்டுகிறவரின் இஷ்டத்துக்கு விடக்கூடாது. ஆர்ச்சர்ட் புல், டிமோத்தி, டால் ஃபெஸ்க்யூ மாதிரியான குளிர்ப்பருவப் புல் வகைகளுக்குக் குறைந்தது மூன்று அங்குலம், நியாயமாக நான்கு அங்குலம் (அதாவது 10 செ.மீ.) அடித்தாள் நிற்க வேண்டும். அதற்குக் கீழே போய் அறுப்பவர் அடுத்த வருடத்துப் புல்லை இந்த வருடமே திருடுகிறார். சொந்த வயலானால் தன் சட்டைப் பையிலிருந்து தானே திருடுவது. குத்தகை வயலானால், அது என்ன என்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

மேலே போவதற்கு முன் ஒரு சின்ன விளக்கம். ஆங்கிலத்தில் 'ஹே' என்பதை நம்மவர்கள் 'வைக்கோல்' என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. வைக்கோல் என்பது நெல்மணியை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுகிற தாள். ஹே என்பது பச்சைப் புல்லை இலையும் சத்துமாக இருக்கும்போதே அறுத்து, வெயிலில் உலர்த்தி, கட்டுக் கட்டாகச் சேர்த்து வைக்கும் தீவனம். அதை உலர்புல் என்று சொல்லிக்கொண்டு போகிறேன். நான் பேசுவது அமெரிக்காவின் கிழக்கு, மத்திய மேற்கு மாநிலங்களின் புல்வயல்களைப் பற்றி. அங்கே பனிக்காலத்தில் மாட்டுக்கும் குதிரைக்கும் மேய ஒன்றும் இருக்காது. கோடையில் கட்டி வைத்ததுதான் சாப்பாடு. ஒரு முறை விதைத்த புல் பல வருடம் நிற்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு மூன்று அறுப்பு. அந்தப் 'பல வருடம்' என்கிற இரண்டு வார்த்தையில்தான் விவசாயியின் லாபமே ஒளிந்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பழைய காலத்தில் சிக்கிள் பார் மோவர் என்று ஒன்று இருந்தது. இன்னும் சில பேர் வைத்திருக்கிறார்கள். நீளமான ஒரு பட்டையில் முக்கோணக் கத்திகள் வரிசையாக இருக்கும். அது இடமும் வலமுமாக ஓடி, விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் காப்புகளுக்கு இடையே புல்லை நறுக்கும். கத்தரிக்கோல் தத்துவம். அருமையாக வெட்டும், ஆனால் ரொம்பக் கோபக்கார இயந்திரம். தரையை ஒட்டி ஓட்டினால் எலி வளை மண்ணில் மூக்கை நுழைத்து அடைத்துக்கொள்ளும். கல்லில் பட்டால் கத்தி உடையும். ஓட்டுபவர் இறங்கி, குத்த வைத்து உட்கார்ந்து, அடைப்பை எடுத்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். இப்படி நாலு தடவை இறங்கி ஏறினவர் ஐந்தாவது தடவை தானாகவே பட்டையைக் கொஞ்சம் தூக்கிவிடுவார். புல் உடற்கூறு படித்துவிட்டு யாரும் தூக்கவில்லை. முதுகு வலித்ததால் தூக்கினார்கள்.

பிறகு டிஸ்க் மோவர் வந்தது. தட்டையான ஒரு பட்டை, அதன்மேல் வரிசையாகச் சுழலும் தட்டுகள், ஒவ்வொரு தட்டிலும் தளர்வாக ஆடும் இரண்டு சின்னக் கத்திகள். டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றினால், இயந்திரம் அதைப் பெருக்கித் தட்டுகளை நிமிடத்துக்குச் சுமார் 3000 சுற்றில் ஓட்டுகிறது. நறுக்குகிற சமாச்சாரம் எல்லாம் கிடையாது. சுழலும் வேகத்தில் அடித்தே வெட்டிவிடும். சாய்ந்த புல், பின்னிய புல் எல்லாம் ஒன்றுதான். எலி மண் வந்தால் சீவிக்கொண்டு போகும். அடைக்காது. நிற்காது. சிக்கிள் பாரைவிட நல்ல வேகத்தில் ஓட்டலாம்.

இந்த இயந்திரத்தை நான் திட்டப் போவதில்லை. நல்ல கண்டுபிடிப்பு. மழை வருவதற்குள் அறுத்து முடிக்க வேண்டிய விவசாயிக்கு அது வரப்பிரசாதம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய இயந்திரத்தில் தாழ அறுத்தால் தண்டனை ஓட்டுபவருக்கு, அதுவும் உடனே. புதிய இயந்திரத்தில் தாழ அறுத்தால் ஓட்டுபவருக்கு ஒன்றும் ஆகாது. தண்டனை புல்லுக்குப் போய்விட்டது. புல் வாய் திறந்து சொல்லாது. இரண்டு வருடம் கழித்து வயலில் சொட்டை விழும்போது, "போன வருஷம் மழை சரியில்லை", "விதை சரியில்லை" என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். டிராக்டரின் பின்னால் மாட்டியிருப்பதை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஏன் நாலு அங்குலம்? ஜோசியமா? இல்லை. குளிர்ப்பருவப் புல் தன் சர்க்கரைச் சேமிப்பை வேரைவிட அதிகமாகத் தண்டின் அடிப்பாகத்தில்தான் வைத்திருக்கிறது. தரையிலிருந்து மேலே முதல் மூன்று நான்கு அங்குலம் அதற்குப் பத்தாயம். டிமோத்தி புல்லுக்குத் தண்டின் அடியில் சின்ன வெங்காயம் மாதிரி ஒரு புடைப்பே இருக்கும்; சேமிப்பு அதில். அறுத்தவுடன் புல்லுக்கு இலை இல்லை, அதாவது சமைக்க அடுப்பு இல்லை. பத்தாயத்தில் இருப்பதை எடுத்துத்தான் முதல் இலையைத் துளிர்க்க வைக்க வேண்டும். நீங்கள் இரண்டு அங்குலத்தில் அறுத்தால் அடுப்போடு பத்தாயத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். மடியறுத்துப் பால் குடிப்பது என்பார்களே, அதன் நேரடி உதாரணம் இது.

வேருக்கு என்ன ஆகிறது என்பதற்கும் பழைய சான்று இருக்கிறது. 1955ல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட ஒரு ஆய்வறிக்கையில் கிரைடர் என்பவர் புல்லின் இலையை வெவ்வேறு அளவில் வெட்டி, வேர் என்ன செய்கிறது என்று பார்த்தார். பாதி இலையை எடுத்தபோது வேர் வளர்ச்சி அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை. 80 சதவீதம் எடுத்தபோது வேர் முழுக்க நின்றுபோனது, 12 நாளைக்கு. 90 சதவீதம் எடுத்தபோது 17 நாள். பாதிக்கும் எண்பதுக்கும் நடுவில் புல் ஒரு பள்ளத்தில் விழுகிறது, பார்த்தீர்களா? கொஞ்சம் கூடுதலாக எடுத்தால் கொஞ்சம் கூடுதல் சேதம் என்கிற நேர்க்கோட்டுக் கணக்கு இங்கே செல்லாது.

"உலர்புல்லுக்கு அறுக்கும்போது நாலு அங்குலத்தில் அறுத்தாலும் இலையில் பெரும்பகுதி போய்விடுமே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆமாம், போய்விடும். அதற்குப் பெயர்தான் அறுவடை. புல் அந்த அடியைத் தாங்கும், பத்தாயம் மட்டும் மிச்சமிருந்தால். இலையும் போய், பத்தாயமும் போய், மேலே ஜூலை மாத வெயிலும் அடித்தால் எப்படித் தாங்கும்? அடித்தாள் உயரமாக நின்றால் மண்ணுக்குக் கொஞ்சம் நிழல். மொட்டையடித்தால் மண் சுடும், ஈரம் பறக்கும். அந்த வெற்றிடத்துக்காகவே காத்திருக்கும் கோடைக் களைகள் வந்து உட்காரும். அவற்றுக்கு வெயில் அல்வா மாதிரி.

இங்கே நேர்மையாக இரண்டு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் வந்து கும்மிவிடுவீர்கள். :-)

ஒன்று, ஆல்ஃபால்ஃபா. நம் ஊரில் குதிரை மசால் என்கிறோமே, அதே செடி. அது புல் இல்லை, பயறு வகை. சேமிப்பு வேரிலும், தரைமட்டத்தில் இருக்கும் கொண்டையிலும் இருக்கிறது. அந்தக் கொண்டையிலிருந்தே புதுத் தளிர் வரும். அதனால் ஆரோக்கியமான ஆல்ஃபால்ஃபாவை இரண்டரை, மூன்று அங்குலத்தில் அறுக்கலாம். சொல்லப்போனால் விஸ்கான்சின் பக்கத்து ஆய்வுகளில், அறுக்கும் உயரத்தை ஒரு அங்குலம் ஏற்றினால் ஏக்கருக்கு வருடத்துக்குச் சுமார் அரை டன் விளைச்சல் குறைகிறது என்று கண்டார்கள். அந்த அரை டன்னில் இலையைவிடத் தண்டு அதிகம், சத்து குறைவு. ஆனாலும் அரை டன் அரை டன்தான். மறுக்கவில்லை.

இரண்டு, பெர்முடா புல். அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் உலர்புல்லுக்கென்றே அதை வளர்க்கிறார்கள். யார் என்று பார்த்தால் நம் அருகம்புல்தான் அது! மண்ணுக்கு அடியிலும் மேலும் ஓடும் கொடித்தண்டுகளில் அதன் சேமிப்பு பத்திரமாக இருக்கிறது. இரண்டு அங்குலத்தில் அறுத்தாலும் சிரித்துக்கொண்டு வளரும். கல்யாண வீட்டில் அருகு போல வேரோடச் சொல்லி வாழ்த்துவது சும்மாவா?

இந்த இரண்டு விதிவிலக்கும் என் கட்சிக்குத்தான் சாதகம். உயரத்தைச் செடி தீர்மானிக்கிறது என்பதுதானே நான் சொல்வது. நடைமுறையில் என்ன நடக்கிறது? ஆல்ஃபால்ஃபா அறுத்துவிட்டு வந்த மோவரை ஒரு திருகும் தொடாமல் அப்படியே ஆர்ச்சர்ட் புல் வயலில் இறக்குகிறார்கள். அல்லது ஆல்ஃபால்ஃபாவும் புல்லும் கலந்த வயலில் ஆல்ஃபால்ஃபாவுக்கான உயரத்தில் அறுக்கிறார்கள். கலப்பு வயலில் யார் பலவீனமோ அவர்தான் சட்டம். புல்லையும் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் புல்லின் உயரம்தான். இல்லையென்றால் மூன்றாவது வருடம் அது கலப்பு வயலாக இருக்காது.

அடுத்து, வாங்குபவர் பக்கத்திலிருந்து பார்ப்போம். தாழ அறுத்தால் நிறைய கிடைக்கும் என்கிறார்களே, அந்த நிறையில் என்ன இருக்கிறது? மண் இருக்கிறது. தீவனத்தை எரித்துப் பார்த்தால் மிஞ்சும் சாம்பலை ஆய்வகத்தில் அளப்பார்கள். செடிக்குள் இயற்கையாக உள்ள தாது உப்பு சுமார் 6 முதல் 8 சதவீதம். அதற்கு மேல் வந்தால் அது வயல் மண். ஒரு சரக்கில் சாம்பல் 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 7 செடியுடையது, 5 மண். ஒரு சின்னக் கட்டு 20 கிலோ என்றால் அதில் ஒரு கிலோ மண். நூறு கட்டு வாங்கினால் ஐந்து கட்டின் எடைக்கு மண்ணை விலை கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். மாட்டுக்கு அதில் ஒரு கலோரி கிடையாது. பால் கறக்கப் போகிறவருக்குத்தான் தெரியும் அந்த வயிற்றெரிச்சல்.

மண் எப்படி வருகிறது? கத்தி சீவிக் கொண்டு வருவது ஒரு பங்கு. பெரிய பங்கு அதற்குப் பிறகுதான். அறுத்த புல்லைப் புரட்டிவிடும் டெட்டரும், வரிசையாக ஒதுக்கும் ரேக்கும் கம்பி விரல்களால் வேலை செய்பவை. அடித்தாள் நாலு அங்குலம் நின்றால் புல் அதன்மேல் பந்தலில் கிடப்பது போலக் கிடக்கும். விரல்கள் மண்ணைத் தொடாமலே வாரிக்கொள்ளலாம். அடித்தாள் ஒன்றரை அங்குலம் என்றால் புல் தரையோடு அப்பிக் கிடக்கும். அதை வார விரல்களை இறக்கித்தான் ஆக வேண்டும், அப்போது மண்ணும் கூடவே வரும். முதலில் செய்த ஒரு தப்பு பின்னால் வரும் எல்லா இயந்திரத்தையும் தப்புச் செய்ய வைக்கிறது.

காய்வதிலும் இதே கதை. துணியைக் கொடியில் போட்டால் சீக்கிரம் காயுமா, ஈரத் தரையில் விரித்தால் சீக்கிரம் காயுமா? என் பாட்டிக்குத் தெரிந்த இயற்பியல் இது. அடித்தாளின் மேல் கிடக்கும் புல்லுக்குக் கீழே காற்று ஓடும். தரையில் கிடக்கும் புல் மண் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கிடக்கும். உலர்புல்லில் ஒரு நாள் தாமதம் என்றால் மழையில் மாட்டும் அபாயம். கடைசி இரண்டு அங்குலத்துக்கு ஆசைப்பட்டு மொத்தச் சரக்கையும் நனைய விட்டவர்கள் உண்டு. பேராசை பெருநஷ்டம் என்று இதற்கு மேலும் விளக்க வேண்டுமா?

இப்போது நம் பாடத்துக்கு வருவோம். உயரத்தை எப்படி வைப்பது? இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள்.

பின்னால் மூன்று முனை இணைப்பில் மாட்டும் டிஸ்க் மோவரில் டாப் லிங்க் என்கிற மேல் கம்பியைச் சுருக்கினால் அறுக்கும் பட்டை முன்பக்கமாகச் சாய்ந்து கத்தி தரைக்கு நெருங்கும், உயரம் குறையும். நீட்டினால் பட்டை படுத்துக்கொள்ளும்; உயரம் ஏறும். எல்லோரும் இதோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் சாய்வை மாற்றிக் கிடைப்பது சின்ன வித்தியாசம்தான், ஏனென்றால் பட்டை தன் அடியில் உள்ள ஸ்கிட் ஷூக்களின் மேல் தரையில் சறுக்கிக்கொண்டேதான் போகிறது. டாப் லிங்க்கை எவ்வளவு நீட்டினாலும் பல மோவர்களில் நாலு அங்குலம் வராது. அதற்கு உயரமான ஸ்கிட் ஷூக்களை வாங்கிப் பட்டைக்கு அடியில் போல்ட் போட்டு மாட்ட வேண்டும். அதைத் தனி உபகரணமாக விற்கிறார்கள். காரை விற்றுவிட்டு பிரேக்கைத் தனியாக விற்பது மாதிரி இருக்கிறது இது. புல் விளையும் பகுதியில் விற்கும் ஒவ்வொரு மோவரும் உயர ஷூவோடு வர வேண்டும், வேண்டாதவர் கழற்றிக்கொள்ளட்டும் என்பது என் வாதம்.

சில கெட்டிக்காரர்கள் ஷூவுக்குச் செலவு செய்யாமல் டிராக்டரின் ஹைட்ராலிக்கைத் தூக்கிப் பட்டையைத் தொங்கவிட்டு ஓட்டுவார்கள். உள்முனை மேலே போகும், வெளிமுனை தரையில் தேய்க்கும். ஒரே வரிசையில் ஒரு பக்கம் ஐந்து அங்குலம், மறுபக்கம் ஒன்றரை. டிராக்டரின் கீழ்க் கம்பிகள் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கும். அதை வைத்துவிட்டு, பட்டையின் பாரத்தைத் தாங்கும் சுருள்வில்லையும் கையேட்டின்படி சரி செய்ய வேண்டும். வில் தளர்ந்தால் பட்டை மண்ணை உழும். அதிகம் முறுக்கினால் குதித்துக் குதித்து அறுக்கும்.

அடுத்து, அளப்பது. கொட்டகையில் சிமென்ட் தரையில் நிறுத்திக் கத்தியின் உயரத்தை அளந்துவிட்டு, "நாலு அங்குலம் வச்சாச்சு" என்பது பரீட்சைக்கு மட்டும் உதவும். வயலில் டிராக்டர் சக்கரம் கொஞ்சம் அமுங்கும், ஷூ அமுங்கும், நிலம் ஏறி இறங்கும். வழக்கமான வேகத்தில் ஐம்பது அறுபது அடி அறுத்துப் பாருங்கள். நிறுத்துங்கள். பி.டி.ஓ.வைத் துண்டித்து, இன்ஜினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, தட்டுகள் முழுக்க நிற்கும் வரை காத்திருங்கள். அவை உடனே நிற்காது, சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பட்டையைத் தூக்கி வைத்திருந்தால் பூட்டும் தாங்கலும் போடாமல் அடியில் கை விடவே கூடாது. பிறகு ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு அறுத்த இடத்தில் உள்முனை, நடு, வெளிமுனை என்று பத்து இடத்தில் அடித்தாளை அளந்து பாருங்கள். பள்ளிக்கூடப் பையனின் ஸ்கேல் போதும். இந்தப் புல்வயலின் ஆயுள் அந்த ஸ்கேலில் இருக்கிறது.

இனி எதிர்க்கட்சி வாதங்களைப் பார்ப்போம்.

"வறட்சியில் புல்லே கம்மி. ஒட்ட அறுத்தாத்தான் நாலு கட்டாவது தேறும்." அனுதாபம் உண்டு, சம்மதம் இல்லை. பணமில்லாத மாதம் விதைநெல்லை விற்கிற வாதம் இது. ஈரமும் இல்லை, சேமிப்பும் இல்லை என்றால் அந்தப் புல் மழை வந்தாலும் எழுந்திருக்காது. வறட்சியில்தான் உயரம் இன்னும் முக்கியம்.

"உயரமா விட்டா அடுத்த அறுப்புல அந்தக் காஞ்ச தாள் கலந்து சரக்கு கெடும்." கொஞ்சம் உண்மை இருக்கிறது. பழைய தாள் கொஞ்சம் வரும்தான். ஆனால் இரண்டாவது அறுப்பையும் அதே நாலு அங்குலத்தில் அறுத்தால் பழைய தாளில் பெரும்பகுதி கத்திக்குக் கீழேதானே நிற்கும்? இந்த அறுப்பில் நாலு, அடுத்ததில் ரெண்டு என்று ஆடுபவருக்குத்தான் அந்தப் பிரச்சினை.

"வயல் சுத்தமா, ஷேவ் பண்ண மாதிரி இருக்கணும்." இதுதான் உண்மையான காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம். சாலையில் போகிறவர் பார்த்து மெச்ச வேண்டும். வயலை வீட்டு வாசல் புல்தரையாக நினைக்கிற வியாதி. உலர்புல் வயல் அழகுப் போட்டிக்கு நிற்கவில்லை ஐயா.

கடைசியாக, முக்கியமான வாதம். இதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்: "நிலம் என்னுது இல்லை."

அமெரிக்காவில் நிறைய புல்வயல்களை அறுப்பவர் ஒருவர், நிலத்துக்குச் சொந்தக்காரர் இன்னொருவர். விவசாய நிலம் என்று காட்டினால் நிலவரி குறையும் மாநிலங்களில், நகரத்து வேலையில் இருக்கும் சொந்தக்காரர் பக்கத்து விவசாயியைக் கூப்பிட்டு, "புல்லை நீ எடுத்துக்கோ, நிலம் விவசாயத்தில் இருந்தால் போதும்" என்று கைகுலுக்கிவிட்டுப் போய்விடுவார். எழுத்தில் ஒன்றும் கிடையாது. அடுத்த வருடம் இந்த வயல் தனக்குக் கிடைக்குமா என்று அறுப்பவருக்கு நிச்சயமில்லை. அப்புறம் அவர் ஏன் பத்தாயத்தை விட்டு வைக்க வேண்டும்? அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அடுத்த வருடம் தன் கையில் இல்லாதவரிடம் அடுத்த வருடத்தைக் காப்பாற்றச் சொல்லும் ஏற்பாடுதான் கெட்டது. சொந்தக்காரரோ புல்லைப் பார்ப்பதே இல்லை. நாலு வருடம் கழித்து வந்து பார்க்கும்போது ஆர்ச்சர்ட் புல் இருந்த இடத்தில் களை ஆடிக்கொண்டிருக்கும். மறுபடி உழுது விதைக்கும் செலவு மட்டும் நிலத்தோடு தங்கும்.

இதற்கு மருந்து பெரிய சட்டமோ மானியமோ இல்லை. குத்தகைத் தாளில் ஒரே ஒரு வரி: "அடித்தாள் நாலு அங்குலத்துக்குக் குறையாமல் அறுக்க வேண்டும்." கூடவே, ஒரு வருடக் கைகுலுக்கலுக்குப் பதில் நாலைந்து வருட ஒப்பந்தம். அறுப்பவருக்கும் அடுத்த வருடம் உண்டு என்றால் அவரே ஷூ வாங்கி மாட்டுவார். உரம் எவ்வளவு, வேலி யார் பொறுப்பு என்றெல்லாம் எழுதுகிறவர்கள் உயரத்தை மட்டும் ஏன் ஓட்டுபவரின் மனசாட்சிக்கு விடுகிறார்கள்? மனசாட்சியை ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. அடித்தாளை முடியும்.

போகிற போக்கில் இன்னொரு சாட்சி, மனிதர் இல்லை, ஆமை. கனடாவின் கியூபெக்கில் ஆற்றோர வயல்களில் திரியும் மர ஆமைகள் மோவர் கத்தியில் அடிபட்டுச் சாவதைப் பற்றி 2007ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. ஆமையைக் காப்பாற்ற அவர்கள் சொன்ன வழிகளில் ஒன்று: டிஸ்க் மோவரின் அறுக்கும் உயரத்தை 10 செ.மீ.க்கு ஏற்றுங்கள். அதாவது அதே நாலு அங்குலம்! கத்தித் தேய்மானமும் மண் அரிப்பும் குறையும் என்றும் சேர்த்தே சொன்னார்கள். புல்லைப் படித்தவரும் ஆமையைப் படித்தவரும் வேறு வேறு வாசல் வழியாக வந்து ஒரே எண்ணில் சந்திக்கிறார்கள் என்றால், அந்த எண்ணைக் கொஞ்சம் மதிக்கலாம்.

கடைசியாக நம் வர்க்கத்துக்கு, அதாவது இயந்திரம் படிப்பவர்களுக்கு. பண்ணை இயந்திரங்கள் பற்றிய பாடங்களில் பி.டி.ஓ. எத்தனை சுற்று, எத்தனை குதிரைத்திறன், ஒரு மணிக்கு எத்தனை ஏக்கர் என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போடுகிறோம். 'வேலைத்திறன்' என்ற சூத்திரத்தில் அகலம் வரும், வேகம் வரும், உயரம் வராது. சூத்திரத்தில் வராதது வடிவமைப்பிலும் வராது, விற்பனைத் தாளிலும் வராது, கடைசியில் ஓட்டுபவரின் தலையிலும் வராது. பயிரைப் படிக்கிறவர்கள் அடுத்த கட்டடத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாலு அங்குலம் தெரியும், டாப் லிங்க் தெரியாது. நமக்கு டாப் லிங்க் தெரியும், பத்தாயம் தெரியாது. நடுவில் ஒரு வயல் மொட்டையாகிக்கொண்டிருக்கிறது.

மோவர் வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த அறுப்பில் வயலின் பாதியை உங்கள் வழக்கமான உயரத்திலும், மீதிப் பாதியை நாலு அங்குலத்திலும் அறுங்கள். பத்து நாள் கழித்துப் போய் எந்தப் பாதி பச்சையாக இருக்கிறது என்று பாருங்கள். என்னோடு சண்டை போடுவதாக இருந்தால் அதைப் பார்த்த பிறகு வாருங்கள். காத்திருக்கிறேன்.